கணினிப் பலகையைப் பழுதுபார்க்கும் செலவு



"போர்டு போய்விட்டது" என்னும் வாக்கியத்தை உங்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். நேற்றிரவு வரை ஒழுங்காக வேலை செய்த மடிக்கணினி இன்று காலையில் உயிரற்றுக் கிடக்கும். அதனைக் கடைக்கு எடுத்துச் செல்வீர்கள். அங்குள்ளவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார். பிறகு இந்த வாக்கியத்தைச் சொல்லுவார். அதனை அடுத்து ஒரு தொகையும் சொல்லுவார். அத்தொகையைக் கேட்டவுடன், இன்னும் சிறிது பணம் சேர்த்தால் புதிய கணினியே வாங்கிவிடலாமே என்று உங்கள் தந்தையார் எண்ணுவார். போர்டு என்பது யாது? அது "போவது" என்றால் என்ன பொருள்? அதனைச் செப்பனிட ஓரிடத்தில் 30,000 ரூபாயும் வேறோரிடத்தில் 2,000 ரூபாயும் கேட்பது எதனால்? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் மின்னணுப் பொறியாளன் அல்லேன். 34 ஆண்டுகள் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, எங்கள் பள்ளிக்கும் அவை பெட்டி பெட்டியாக வந்தன. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, "ஐயா, ஓட மாட்டேன் என்கிறது" என்று அவற்றுட் சிலவற்றைத் தூக்கிக்கொண்டு பழைய மாணவர்கள் என் அறைக்கு வருவார்கள். என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அறியாமை நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு என் வீட்டிலேயே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியால் அது ஓரளவு நீங்கியது.

என் பேத்தி முதுகலை மாணவி. தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களுக்கு நடையாய் நடந்து, முதிய உழவர்கள் முன்பு பயிரிட்டுவந்த நெல் வகைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்துவந்தாள். குறிப்புகள் அனைத்தும் அவளுடைய மடிக்கணினியில் இருந்தன. ஒருநாள் பேருந்தின் மேற்தட்டிலிருந்து பை சரிந்து விழுந்தது. கணினியின் திரையில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் விளக்கு எரியவில்லை. அந்நிறுவனத்தாரின் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். போர்டை மாற்ற வேண்டும், வரியுடன் 31,500 ரூபாய் ஆகும் என்றார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்கணினியை வாங்கிய விலையே 52,000 ரூபாய்தான். பழைய போர்டை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். நினைவகம் அதிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் உள்ளே இருப்பவை யாவும் அதனோடு போய்விடும் என்றும் சொன்னார்கள்.

"பணம்கூடப் போகட்டும் தாத்தா. 42 கிராமங்களுக்கு மறுபடியும் எப்படிப் போவேன்? நான் குறிப்பெடுத்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை" என்றாள். வேறொரு படி எடுத்து வைக்கவில்லையா என்று நான் கேட்டேன். ஆசிரியர்களுக்கே உரிய கேள்வி அது, கேட்டிருக்கக் கூடாது. அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் இருவரும் சென்னைக்குச் சென்றோம். அண்ணா சாலையை ஒட்டினாற்போல் ரிச்சித் தெரு என்று ஒரு தெரு உண்டு. வானொலிப் பெட்டிக் காலத்திலிருந்தே மின்னணு உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. குறுகலான படிக்கட்டில் ஏறி ஒரு சிறு அறையை அடைந்தோம். அங்கே ஓர் இளைஞர் உருப்பெருக்கியின்மேல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். "பார்த்துச் சொல்கிறேன், ஐயா. பார்ப்பதற்கு 400 ரூபாய். சரியாகாவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்" என்றார். நான் அருகில் அமர்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். அவர் செய்தது இன்னதென்று விளங்க வேண்டுமானால், முதலில் அந்தப் பலகை எத்தகையது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

என் இளமையில், 1960-களின் இறுதியில், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலிப் பெட்டியைப் பழுதுபார்க்க ஒருவர் மிதிவண்டியில் வருவார். பெட்டியின் முதுகைக் கழற்றினால், கம்பிகள் கண்ணுக்குத் தெரியும்படி ஓடும்; வால்வுகள் சிறு விளக்குகளைப்போல் நிற்கும். எது எரியவில்லையோ அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகுவார். இப்படிக் கம்பிகளைக் கையால் இணைப்பதற்கு மாற்றாக, மின்சாரம் செல்லும் பாதைகளைப் பலகையின்மேல் அச்சடித்துவிட்டால் என்ன என்று எண்ணியவர்களுள் முதன்மையானவர் பால் ஐஸ்லர் என்னும் ஆஸ்திரியப் பொறியாளர். அச்சுத் தொழிலோடு பழக்கம் உடையவர். அவர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, 1936-ஆம் ஆண்டையொட்டி அத்தகைய பாதைகளைக் கொண்ட வானொலிப் பெட்டி ஒன்றைச் செய்தார். 1943-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்று உங்கள் கையிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் அந்த எண்ணத்தின் வழித்தோன்றல் ஒன்று இருக்கிறது.

கண்ணாடி இழையாலான துணியை ஒருவகைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த தகடுதான் இப்பலகை. அதன்மேல் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய பாதைகளை விட்டுவிட்டு மற்றச் செம்பை இரசாயனத்தால் அரித்து நீக்கிவிடுகிறார்கள். பழைய வானொலியில் ஒரு புறம் மட்டுமே செம்பு இருந்தது. மடிக்கணினியிலோ, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்குள் 8 அல்லது 10 செப்பு அடுக்குகள், சில வகைகளில் அவற்றினும் மிகுதியாக, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்கு மின்சாரம் இறங்க, உட்புறம் செம்பு பூசிய நுண்ணிய துளைகள் உண்டு. மேலே நீங்கள் காணும் பச்சை நிறமோ கறுப்பு நிறமோ வெறும் காப்புப் பூச்சுத்தான். பலகையின் பெரும்பகுதியைக் கண்ணால் காணவே முடியாது என்பதை நினைவில் வையுங்கள். செலவு மிகுவதற்கு முதற் காரணம் இதுவே.

பலகையின்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் இருக்கலாம். அவற்றுட் பெரும்பாலானவை மின்தடைகளும் மின்தேக்கிகளும். மின்தேக்கியைக் கடைத்தெருவில் கெபாசிட்டர் என்பார்கள். 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உடையவை இங்கே சாதாரணம். எள் ஒன்றை மூன்றாக நறுக்கினால் கிடைக்கும் துண்டைவிடப் பெரியவை அல்ல. இவற்றைத் தொழிற்சாலையில் இயந்திரம் எடுத்து வைக்கிறது. மணிக்குப் பல்லாயிரம் உறுப்புகளை இடம் தவறாமல் அமர்த்தும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வளவையும் ஏற்றிய பலகை அடுப்பைப்போன்ற ஒரு சூட்டறைக்குள் சென்று வெளிவரும்போது எல்லாம் ஒருசேரப் பற்றிக்கொண்டிருக்கும். செய்வது இயந்திரம், ஆகவே மலிவு. பழுதுபார்ப்பதோ மனிதர், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே பலகையை. செய்வதற்கு ஆகும் நேரத்தைவிடச் சீர்செய்வதற்கு ஆகும் நேரம் மிகுதியாக இருக்கும் பொருள்கள் உலகில் முன்பு அதிகம் இருந்ததில்லை. கிழிந்த சட்டையைத் தைப்பதும் உடைந்த வண்டிச் சக்கரத்தைச் செப்பனிடுவதும் புதிது செய்வதைவிட எளியவை. இங்கே அந்த வழக்கம் தலைகீழாயிற்று.

இனி ரிச்சித் தெருவுக்குத் திரும்புவோம். அந்த இளைஞர் கணினியின் அடிப்புறத் திருகாணிகளைக் கழற்றி, முதல் வேலையாக மின்கலத்தின் இணைப்பைப் பிரித்தார். பிறகு, வேண்டிய அளவு மின்னழுத்தத்தைத் தானே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு மின்வழங்கியை இணைத்தார். கணினிக்கு அதன் வழக்கமான மின்னூட்டி 19 வோல்ட் தருகிறது. உள்ளே அது 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பலவாகப் பிரிந்து, மையச் செயலிக்குப் போய்ச் சேரும்போது 1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தின் காலை வழிபாட்டை எண்ணிப்பாருங்கள். மணி அடித்ததும் ஆறாம் வகுப்பு வந்து நிற்கிறது. "வந்துவிட்டோம்" என்று அதன் தலைவன் கை காட்டுகிறான். பிறகு ஏழாம் வகுப்பு. பிறகு எட்டாம் வகுப்பு. ஒரு வகுப்பு வராவிட்டாலும் வழிபாடு தொடங்காது. கணினியிலும் ஒவ்வொரு மின்னழுத்தமும் "நான் வந்துவிட்டேன்" என்று குறிப்புக் காட்டிய பிறகே அடுத்தது எழும். இருபது வகுப்புகளில் வராத வகுப்பு எது, ஏன் வரவில்லை என்று தேடிக் காண்பதுதான் பழுதுபார்ப்பவரின் வேலையிற் பெரும்பகுதி.

எங்கள் கணினியில் முதல் வகுப்பே வரவில்லை. 19 வோல்ட் நுழையும் பாதைக்கும் தரைப்பாதைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தார். மின்தடை ஏறத்தாழச் சுழியம். அதாவது மின்சாரம் எங்கோ வேலை செய்யாமலே நேராகத் தரைக்கு ஓடிவிடுகிறது. "ஷார்ட் ஆகியிருக்கிறது, ஐயா, பெரும்பாலும் ஒரு கெபாசிட்டராக இருக்கும்" என்றார். அப்பாதையில் 30-க்கும் மேற்பட்ட மின்தேக்கிகள் இருந்தன. அனைத்தும் ஒரே பாதையிலிருந்து தரைக்குப் பக்கவாட்டில் இணைந்தவை. ஆகையால் எதன்மேல் மீட்டரை வைத்தாலும் அதே சுழியந்தான் காட்டும். ஓர் ஏரிக்கு 30 மதகுகள், ஒன்றில் உடைப்பு. ஏரியின் நீர்மட்டத்தை எந்த மதகருகில் நின்று அளந்தாலும் மட்டம் குறைந்திருப்பது மட்டுமே தெரியும். உடைப்பு எதில் என்று தெரியாது அல்லவா? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பலகையைச் சூடேற்ற வேண்டும், நல்லவையும் கெட்டுப்போகும்.

அவர் செய்த தந்திரம் பௌதிக ஆசிரியனான என் உள்ளத்தைக் கவர்ந்தது. 19 வோல்ட்டுக்கு மாறாக 1 வோல்ட் மட்டும் அமைத்தார். ஆனால் சில ஆம்பியர் மின்னோட்டத்தை அப்பாதையில் செலுத்தினார். இவ்வளவு குறைந்த அழுத்தத்தால் நல்ல உறுப்புகளுக்குத் தீங்கில்லை. மின்னோட்டம் முழுவதும் பழுதுபட்ட இடம் வழியாகவே பாயும், பாயுமிடம் சூடாகும். ஜூல் கண்ட விதியை ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பிறகு அவர் எளிதில் ஆவியாகும் ஒருவகை ஆல்கஹாலைப் பலகையின்மேல் தூரிகையால் பூசினார். எல்லா இடமும் ஈரமாய்ப் பளபளத்தது. இரண்டு நொடியில், மின்சாரம் நுழையும் மூலைக்கு அருகில் எள்ளளவான ஓரிடம் மட்டும் காய்ந்து போயிற்று. "இதுதான்" என்றார். வெப்பத்தைப் படமாகக் காட்டும் ஒளிப்படக் கருவி அவரிடம் இருந்தது. அதையும் கொண்டு உறுதி செய்தார். பேத்தி முக்காலியிலிருந்து எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

அந்த உறுப்பு கெட்டதற்குக் காரணம் பை விழுந்ததுதான். இவ்வகை மின்தேக்கி பீங்கானைப் போன்ற பொருளால் ஆனது. பேரியம் டைட்டனேட்டு என்னும் பொருளின் மிக மெல்லிய படலங்களும் உலோகப் படலங்களும் மாறி மாறி நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டது. பலகை சற்றே வளைந்தாலும் பீங்கான் வளையாது, விரியும். விரிசலின் வழியே உலோகப் படலங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும். கணினியை ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கும் பழக்கம் உங்களிற் சிலருக்கு உண்டு. பலகைக்கு அது நல்லதன்று.

சூடான காற்றை மெல்லிய குழாய்வழி ஊதி, அந்த உறுப்பை எடுத்தார். அதன் இடத்தில் வேறொன்றைப் பற்றவைத்தார். இதற்கு ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கணினி எரிந்தது. 42 கிராமங்களும் அதற்குள் இருந்தன. ரூபாய் 2,200 கேட்டார். 400 அதில் அடக்கம்.

"உறுப்பின் விலை என்ன, தம்பி?" என்று கேட்டேன். "மொத்தமாக வாங்கினால் ஒரு ரூபாயும் ஆகாது, ஐயா" என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு ரூபாய்க்கு 2,200 ரூபாயா என்று நீங்கள் கேட்கலாம். அருகில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் முணுமுணுத்தார். ஆனால் நான் ஒன்றரை மணி நேரம் அந்த முக்காலியில் இருந்தவன். உருப்பெருக்கி, வெப்பப் படக் கருவி, மின்வழங்கி, சூடான காற்றுக் கருவி ஆகியவற்றின் விலையும், அறை வாடகையும், உதவியாளரின் கூலியும் அத்தொகையிலிருந்துதான் வர வேண்டும். சரியாகாமல் 400 ரூபாயோடு திருப்பித் தரும் பலகைகளின்மேல் அவர் செலவிட்ட நேரமும் சரியான பலகைகளின் கூலியிலேதான் ஈடாக வேண்டும். அவருடைய கூலி மிகுதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் 31,500 ரூபாய் கேட்டவர்கள் கொள்ளையர்களா? அவ்வாறும் நான் கூறமாட்டேன். நூற்றுக்கணக்கான ஊர்களில் நிலையம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், எள்ளளவு உறுப்பைத் தேடிக் காணும் திறனுடையவரை ஒவ்வோர் ஊரிலும் அமர்த்துவது கடினம். பலகையை முழுதாக மாற்றும் வேலையை ஓரிரு மாதப் பயிற்சி பெற்றவரும் செய்துவிடுவார். மாற்றியபின் அதற்கு அவர்கள் உறுதியும் தர வேண்டும்; ஒட்டுப்போட்ட பலகைக்கு உறுதி கூற அஞ்சுவது இயல்பே. மேலும், அப்பலகையில் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகிய மூன்றும் பற்றவைக்கப்பட்டிருந்தால், பலகையின் விலை என்பது ஏறக்குறையக் கணினியின் விலையேயாகும். திரையும் விசைப்பலகையும் மின்கலமும் உறையுந்தானே மிச்சம்?

என் மனக்குறை வேறோரிடத்தில் இருக்கிறது. என் இளமைக்கால வானொலிப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்தில் அதன் மின்சுற்றுப் படத்தை ஒட்டி அனுப்புவார்கள். எது எங்கே போகிறது என்பது எவர்க்கும் திறந்த புத்தகம். இன்றைய மடிக்கணினியின் சுற்றுப் படத்தை நிறுவனங்கள் பொதுவாக வெளியிடுவதில்லை. அந்த இளைஞர் தம் திரையில் வைத்துப் பார்த்த படம் எப்படியோ கசிந்து வந்தது. அவரே அதை ஒப்புக்கொண்டார். சில ஐ.சி.க்களைக் கடையில் வாங்கவே இயலாது. இறந்த பலகைகளிலிருந்து கழற்றி எடுத்தவைதான் கிடைக்கும். அதற்காகவே அவருடைய அலமாரியில் ஒரு மூட்டைப் பழைய பலகைகள் இருந்தன. படமும் உறுப்பும் நேர்வழியில் கிடைத்தால் அவருடைய ஒன்றரை மணி நேரம் முக்கால் மணியாகும், கூலியும் குறையும்.

இக்குறையை உலகின் பல நாடுகள் உணரத் தொடங்கியுள்ளன. பிரான்சு நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களை விற்கும்போது, அவை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத் தக்கவை என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். தேர்வு மதிப்பெண் கண்டு அஞ்சும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சட்டம் 2023-இன் இறுதியிலும், கலிபோர்னியாவின் சட்டம் 2024 ஜூலையிலும் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும், விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரி உறுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதித்துள்ளார்கள். நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனங்கள் தம் பழுதுபார்ப்பு விவரங்களைத் தருவதற்கான இணையவாயிலும் திறக்கப்பட்டது.

எல்லாப் பழுதும் எள்ளளவு மின்தேக்கியோடு முடிவதில்லை. செயலியும் பெரிய ஐ.சி.க்களும் பலகையில் அமரும் முறையே வேறு. அவற்றுக்குக் கால்கள் இல்லை. அடிவயிற்றில் நூற்றுக்கணக்கான பற்றாசுக் குண்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றின்மேல்தான் அது உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருக்க வேண்டும். பழைய ஈயம் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகிவிடும். ஈயம் நஞ்சு என்பதால், 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் அதனைத் தடுத்தது. மற்ற நாட்டுத் தொழிற்சாலைகளும் அவ்வழியே சென்றன. வெள்ளீயமும் சிறிது வெள்ளியும் செம்பும் சேர்ந்த புதிய பற்றாசு உருகுவதற்கு 217 பாகை வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நன்மை, பழுதுபார்ப்பவருக்குத் தொல்லை. பலகைக்குள்ளிருக்கும் செப்பு அடுக்குகள் வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், கீழிருந்தும் சூடேற்ற வேண்டும். சற்றே மிஞ்சினால் பலகை உப்பும், அடுக்குகள் பிரியும். இதற்கெனத் தனி இயந்திரம் உண்டு. ஆகவே "சிப் மாற்ற வேண்டும்" என்றால் கூலி 2,000 அன்று. அதனினும் பல மடங்கு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. படம் வராத கணினியின் ஐ.சி.யைச் சூடான காற்றால் வாட்டினால் அது உயிர் பெறுவது உண்டு. சில கடைகளில் இதையே வைத்தியமாகச் செய்து கூலி வாங்குகிறார்கள். 2008-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிப் படச் சிப்புகள் சிலவற்றின் உட்கட்டுமானப் பொருள்களில் குறை இருந்ததாக அறிவித்து, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. குறை சிப்புக்கு உள்ளே, சிலிக்கான் துண்டை அதன் அடித்தட்டோடு இணைக்கும் நுண்ணிய முடிச்சுகளில் இருந்தது. வெளியிலிருந்து வாட்டும்போது அம்முடிச்சுகள் சிறிது விரிந்து மீண்டும் தொட்டுக்கொள்ளும். சில வாரங்களில் பிரிந்துவிடும். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது இது. "சூடேற்றிச் சரிசெய்துவிட்டேன்" என்பவரிடம், சிப்பு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

டேப்லெட்டின் கதை இன்னும் கடினம். அதைத் திறக்கவே திரையைச் சூடாக்கி, பசையை இளக்கி, மெல்லத் தூக்க வேண்டும். திரை உடைந்தால் அந்த நட்டமும் சேரும். உள்ளே பலகை விரலகலமே இருக்கும். பல வகைகளில் சிப்புகளின் அடியில் பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். கீழே விழுந்தால் தாங்கும் என்பதற்காகச் செய்தது அது. கழற்றும்போது பலகையின் செம்பையே பெயர்த்துக்கொண்டு வரும். ஓர் ஆறுதலும் உண்டு. மின்னூட்டும் துளை சில டேப்லெட்டுகளில் தனியான சிறு பலகையில் இருக்கும். அப்போது அதை மட்டும் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். முதன்மைப் பலகையிலேயே இருந்தால், அதே துளைக்குப் பல மடங்கு செலவாகும். வாங்குவதற்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் கேட்டால் விடை சொல்லும் கடைக்காரரை நான் இன்னும் கண்டதில்லை.

அதே பயணத்தில் என்னுடைய டேப்லெட்டு ஒன்றையும் எடுத்துச் சென்றிருந்தேன். மழையில் நனைந்து அணைந்துபோனது. மூன்று நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். இதைச் சொன்னதும் அந்த இளைஞர் முகத்தில் ஒரு சலிப்புத் தெரிந்தது. நீரால் வரும் கேடு ஈரத்தால் மட்டும் வருவதன்று. நீரில் உப்பும் அழுக்கும் கலந்திருக்கும். மின்கலத்தின் அழுத்தமோ, கருவியை அணைத்த பின்னும் பலகையின் சில பாதைகளில் இருந்துகொண்டே இருக்கும். உப்புநீர், இரண்டு செப்புப் பாதைகள், இடையே மின்னழுத்தம். உங்கள் இரசாயன ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்பேதான் அது. நேர்முனையிலிருக்கும் செம்பு கரைந்து அரிபட்டுப் போகும். அரிசி வெளியிலுள்ள ஈரத்தை வேண்டுமானால் சிறிது உறிஞ்சும், உப்பை எடுக்காது, அரிப்பையும் நிறுத்தாது. நனைந்த உடனே அணைத்து, தாமதமின்றித் திறந்து மின்கலத்தைப் பிரித்து, ஆல்கஹாலால் கழுவியிருந்தால் பிழைத்திருக்கக் கூடும். திறமையுடையவரிடம் அன்றே கொண்டுபோயிருக்க வேண்டும். வீட்டில் நீங்களே திறந்து மின்கலத்தைக் குத்திவிடாதீர்கள். இலித்திய மின்கலம் துளைபட்டால் தீப்பற்றும்.

உருப்பெருக்கியின் வழியே என்னையும் பார்க்கச் சொன்னார். பச்சையும் வெண்மையுமாகப் பூத்திருந்தது. ஒரு சிப்பின் அடியிலிருந்த குண்டுகளுட் பல இல்லை. பலகையின் உள்ளடுக்கு ஒன்றும் அரிபட்டு, இறங்கும் துளைகள் அறுந்திருந்தன. "இதைச் செய்யலாம், ஐயா, ஆனால் 6,000 ரூபாய் ஆகும், ஆறு மாதம் ஓடும் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. இதில் முக்கியமாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். சில புத்தகங்களும், படித்துவிட்ட செய்தித்தாள்களும்தான் இருந்தன. 9,000 ரூபாய்க்கு வாங்கிய டேப்லெட்டு அது. வேண்டாம் என்றேன். 400 ரூபாய் கொடுத்தேன். அதை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். நல்ல நிலையிலிருந்த திரையும் ஒன்றிரண்டு சிப்புகளும் வேறு யாருடைய கருவிக்காவது உதவும் என்று சொல்லி, கூலியில் 200 ரூபாயைத் திருப்பித் தந்தார்.

படிக்கட்டில் இறங்கும்போது பேத்தி, எதிர்க் கடையில் வெளியே செருகும் நினைவகம் ஒன்று வாங்கினாள். ஊருக்குத் திரும்பும் இரயிலிலேயே 42 கிராமங்களின் குறிப்புகளுக்கும் படி எடுத்துவிட்டாள். கணினி இன்றுவரை ஓடுகிறது.